கையில் முஷ்டி காட்டினால் என்ன அர்த்தம்? கூடைப்பந்தில் 'செட் ப்ளே' முதல் டீம் கல்ச்சர் வரை.. புதுச்சேரி பிள்ளைகளுக்கு கோச் என்ன சொல்லித்தர வேண்டும்?

உப்பளம் ராஜீவ் காந்தி உள்விளையாட்டு அரங்கத்தில் கூடைப்பந்து மேட்ச் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் வீரர் நடுக்கோட்டைத் தாண்டியதும் திடீரென்று முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்குவார். இல்லையென்றால் இரண்டு விரலைக் காட்டுவார். உடனே மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு அது ஏதோ ரகசிய மொழி மாதிரி தெரியும். ரகசியம்தான், ஆனால் கஷ்டமான ரகசியம் இல்லை. அதற்குப் பெயர்தான் செட் ப்ளே.

விடுமுறை விட்டாலே பிள்ளையைக் கோச்சிங் கேம்ப்பில் சேர்ப்பது புதுச்சேரியில் வழக்கமாகிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும் என்ற கணக்கும் பல வீடுகளில் ஓடுகிறது. ஆனால் அந்தக் களத்தில் கோச் உண்மையில் என்ன சொல்லித்தர வேண்டும், நல்ல பயிற்சியை எப்படி அடையாளம் காண்பது என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை.

எதற்கு இந்தத் திட்டம் எல்லாம்?

காரணம் கடிகாரம். சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி பந்து கையில் வந்ததும் 24 நொடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். அதில் முதல் 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எறிந்த பந்து ரிங்கில் பட்டுத் திரும்பி மறுபடியும் நம்ம கைக்கே வந்தால் கிடைப்பது 14 நொடிதான். ஆடுகளத்தின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர். அதில் பாதி இடத்துக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும்போது, 'யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா' என்று விட்டால் என்ன ஆகும்? உயரமான பையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளி மேட்சுகளில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், இதற்குக் கோச்சே தேவையில்லை, விளையாடினால் போதும் என்று நினைத்தவர் என்பார்கள். கன்சாஸ் பல்கலைக்கழக அணியின் முதல் கோச்சும் அவர்தான். அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே கோச்சும் அவரேதான்: 55 வெற்றி, 60 தோல்வி!

கண்டுபிடித்த இரண்டே வருடத்தில், 1893 டிசம்பரில், பாரிஸ் நகரின் ரூ த ட்ரெவீஸ் தெருவில் ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. அந்த மரத்தளம் இன்றும் இருக்கிறது. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த விளையாட்டு அவ்வளவு பழையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரண்டு இறுதிப் போட்டியிலும் அமெரிக்காவை எதிர்த்து ஆடியது பிரான்ஸ்தான். பெண்கள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். 67-66. நம் பக்கம் தமிழ்நாட்டில் இது வேரூன்ற முக்கியக் காரணம் ஒய்.எம்.சி.ஏ.வும், 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும்.

'ஹார்ன்ஸ்': ஒரு செட் ப்ளேயைப் பிரித்துப் பார்ப்போம்

உலகம் முழுக்க பள்ளி அணியிலிருந்து என்.பி.ஏ. வரை ஆடப்படும் ஒரு அமைப்பு 'ஹார்ன்ஸ்', அதாவது மாட்டுக் கொம்பு. ஐந்து பேர் நிற்கும் இடத்தை மேலிருந்து பார்த்தால் கொம்பு மாதிரி இருக்கும்.

பந்து வைத்திருப்பவர், அதாவது பாயிண்ட் கார்டு, நடுவில் மேலே. உயரமான இருவர் ஃப்ரீ த்ரோ கோட்டின் இரண்டு முனையிலும். நன்றாகத் தூர ஷாட் போடும் இருவர் கீழே இரண்டு மூலையிலும். இப்போது ரிங்குக்கு முன்னால் இருக்கும் இடம் காலி. இதைத்தான் கோச்சுகள் 'ஸ்பேசிங்' என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஐந்து பேர் விலகி நின்றால், அவர்களைக் காவல் காக்கும் ஐந்து பேரும் விலகித்தானே நிற்க வேண்டும்?

அடுத்து ஆட்டம் தொடங்குகிறது. வலது முனையில் நிற்கும் உயரமான வீரர் பாயிண்ட் கார்டைக் காவல் காப்பவருக்குக் குறுக்கே வந்து சுவர் மாதிரி நிற்பார். இதுதான் 'ஸ்கிரீன்'. பாயிண்ட் கார்டு அந்தச் சுவரை உரசினாற்போல் பந்தோடு ஓடுவார். அவரைத் துரத்தியவர் சுவரில் முட்டிக்கொள்வார். சுவராக நின்றவர் உடனே திரும்பி ரிங்கை நோக்கி ஓடுவார். இந்த இருவர் ஆட்டத்தைத்தான் 'பிக் அண்ட் ரோல்' என்கிறார்கள்.

இங்கேதான் கூடைப்பந்தின் மூளை வேலை செய்கிறது. பாயிண்ட் கார்டை யாருமே தடுக்கவில்லையா? அவரே போய் லே-அப் போடலாம். இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தடுத்தார்களா? அப்படியென்றால் ரிங்கை நோக்கி ஓடுகிறவர் ஃப்ரீ, பந்து அவருக்கு. அவரைத் தடுக்க மூலையிலிருந்து ஒருவர் உள்ளே வந்துவிட்டாரா? மூலையில் நிற்கும் ஷூட்டர் தனியாக இருப்பார், பந்து அங்கே. இது எதுவும் நடக்கவில்லை என்றால் இடது முனையிலிருந்து மேலே வந்திருக்கும் இன்னொரு உயரமான வீரரிடம் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

ஆக, செட் ப்ளே என்பது 'இவன் அவனுக்குக் கொடு, அவன் இவனுக்குக் கொடு' என்ற மனப்பாடம் இல்லை. 'எதிராளி இப்படிச் செய்தால் நான் இப்படி' என்ற கேள்வி பதில். மனப்பாடமாகக் கற்ற அணி முதல் பாஸ் தடுக்கப்பட்டதும் தடுமாறி நின்றுவிடும். பள்ளி அளவில் அதிகம் தென்படும் கோளாறு இதுதான்.

ஸ்கிரீன் போடுகிறவர் அசையாமல் நிற்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பை நீட்டினாலோ, ஓடிக்கொண்டே இடித்தாலோ ஃபவுல் அவர் மேல்தான். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் முதல் வாரத்தில் வாங்கும் ஃபவுலில் கணிசமான பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

எத்தனை ப்ளே தேவை?

யூடியூபில் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அதனாலேயே சில இளம் கோச்சுகள் நோட்டு முழுக்க வரைந்து வைத்துக்கொண்டு வாரம் இரண்டு புதிதாகச் சொல்லித்தருகிறார்கள். அது பிள்ளைகளுக்கு உதவாது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றுகூட வேண்டாம். பாஸ் கொடுத்தால் நிற்காதே, ரிங்கை நோக்கி ஓடு என்ற ஒரே விதி போதும். மேல்நிலைப் பள்ளி அணி என்றால் அரைக் களத்தில் ஆட மூன்று, பந்து வெளியே போய் உள்ளே எறியும்போது ஆட இரண்டு, எதிரணி முழுக் களத்திலும் நெருக்கிப் பிடித்தால் தப்பிக்க ஒன்று. அதற்கு மேல் போனால் பரீட்சை மாதிரி மறந்துதான் போகும்.

உள்ளே எறியும் ப்ளேயை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. எதிரணியின் ரிங்குக்குக் கீழிருந்து பந்தை எறியும் வாய்ப்பு ஒரு மேட்சில் பல தடவை வரும். எறிய 5 நொடிதான். நான்கு பேர் பெட்டி மாதிரி நின்று, ஒருவருக்கொருவர் ஸ்கிரீன் போட்டு, ஒரே பாஸில் புள்ளி எடுக்கலாம். இறுக்கமான மேட்சில் ஜெயிப்பதும் தோற்பதும் பல நேரம் இந்த இரண்டு, நான்கு புள்ளியில்தான்.

பெயர் வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றால் புதுச்சேரி மட்டுமில்லை. காரைக்கால், கேரளக் கரையோரம் மாஹே, ஆந்திரா பக்கம் ஏனாம் எல்லாம் சேர்ந்ததுதான். நான்கு பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தால் ஒரே அணியில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் கேட்கும். அதனால் கைச் சைகையும் எல்லோருக்கும் தெரிந்த பெயரும் முக்கியம். 'ஹார்ன்ஸ் டூ டவுன் ஃப்ளேர்' என்று கத்துவதைவிட 'மிஷன் வீதி', 'பீச்' என்று பெயர் வைத்தால் யாருக்கும் மறக்காது. எதிரணிக்கும் புரியாது!

ட்ரில்: வரிசையில் நிற்பது பயிற்சி இல்லை

இப்போது ஒரு கணக்கு. ஒரு கேம்ப்பில் 40 பிள்ளைகள், ஒரே வரிசை, ஒருவர் லே-அப் போட 6 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு அடுத்த முறை வர 4 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் 15 தடவைதான் பந்து கையில் வரும். மீதி நேரம் எல்லாம் முன்னாடி நிற்கும் பையன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அதே 40 பேரை எட்டு எட்டாக ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு பந்து கொடுத்து, கிடைக்கிற இடத்தில் ஆட விட்டால்? 24 நொடிக்கு ஒரு முறை பந்து வரும். ஒரு மணி நேரத்தில் 150 தடவை. ரிங் போதவில்லை என்பது நியாயமான சிக்கல்தான். ஆனால் ட்ரிபிளிங், பாஸிங், டிஃபென்ஸ் கால்வைப்பு எதற்கும் ரிங் தேவையில்லை.

டிஃபென்ஸுக்கு ஒரே ஒரு ட்ரில் சொல்லச் சொன்னால் பெரும்பாலான கோச்சுகள் 'ஷெல் ட்ரில்' என்பார்கள். நான்கு பேர் பந்தை வெளிவட்டத்தில் பாஸ் செய்துகொண்டே இருப்பார்கள். நான்கு பேர் தடுப்பார்கள். பந்து நகர நகர நான்கு தடுப்பாளர்களும் இடம் மாற வேண்டும். பந்து இருப்பவருக்கு எதிரே நிற்பவர் நெருங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பாஸ் தூரத்தில் இருப்பவர் அந்தப் பாஸைத் தடுக்க வேண்டும். இரண்டு பாஸ் தூரத்தில் இருப்பவர் உள்ளே வந்து உதவிக்குத் தயாராக நிற்க வேண்டும். நிற்கும்போது "பந்து!", "உதவி!" என்று வாய்விட்டுக் கத்த வேண்டும். பார்க்க போர் அடிக்கும், ஆனால் மூன்று வாரம் இதைச் செய்த அணிக்கும் செய்யாத அணிக்கும் வித்தியாசம் கேலரியிலிருந்தே தெரியும்.

மாறாக, மூன்று பேர் பின்னிக்கொண்டு ஓடும் 'த்ரீ மேன் வீவ்' எல்லாக் களத்திலும் நடக்கிறது. உடம்பு சூடேற நல்லது, அழகாகவும் இருக்கும். ஆனால் எதிராளியே இல்லாத அந்தப் பின்னலை மேட்சில் யாரும் ஆடுவதில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுப்பது வீண்.

ஃப்ரீ த்ரோவும் இப்படித்தான். ஒரே இடத்தில் நின்று 50 ஷாட் போட்டால் 40 விழலாம். மேட்சில் யாருக்கும் 50 கிடைக்காது. மூச்சு வாங்க ஓடி வந்து நிற்கும்போது இரண்டே இரண்டு கிடைக்கும். அதனால் ஓட்டம், இரண்டு ஷாட், மறுபடி ஓட்டம், இரண்டு ஷாட் என்று பழக வேண்டும்.

செட் ப்ளேயைப் பழக்குவதற்கும் படிகள் உண்டு. முதலில் எதிராளி இல்லாமல் ஐந்து பேர் நடந்து பார்ப்பது. பிறகு எதிராளி நிற்பார், ஆனால் கோச் சொன்ன மாதிரி மட்டும் தடுப்பார். "இந்த தடவை ரெண்டு பேரும் பந்து பக்கம் போங்க" என்று கோச் அவர்கள் காதில் சொல்வார். தாக்கும் அணி அதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில்தான் கடிகாரம் ஓட நிஜ ஆட்டம். பல இடங்களில் நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மனப்பாட ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

புதுச்சேரிக்கே உரிய தலைவலி ஒன்று, கடற்கரை ஊரின் புழுக்கம். காற்றில் ஈரம் அதிகம் என்றால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. கத்திரி வெயிலில் காலை 10 மணிக்குத் திறந்தவெளி சிமென்ட் தளத்தில் 13 வயதுப் பிள்ளையை ஓட விடுவது வீரம் இல்லை, ஆபத்து. காலை 7.30-க்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மாலை கடல்காற்று வந்த பிறகு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். தலைசுற்றல், வாந்தி என்று பிள்ளை சொன்னால் 'நடிக்கிறான்' என்று சொல்லாமல் உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கத்தினால்தான் கோச்சா?

1974-75 சீசனில் ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 12 ஆண்டில் 10 தேசியப் பட்டம் வென்ற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக கோச் ஜான் வுடனின் பயிற்சியை உட்கார்ந்து பார்த்து, அவர் சொல்வது ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். மொத்தம் 2,326. அதில் முக்கால்வாசி வெறும் தகவல்: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும். பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை. திட்டும் அவ்வளவே. நீண்ட பிரசங்கம் இல்லை. இதே வுடன்தான் ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் பயிற்சியில் சாக்ஸ் போடுவது எப்படி என்று சொல்லித்தந்தவர். சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் அடுத்த மேட்ச் இல்லை!

"டேய், அறிவிருக்கா?" என்று கத்துவதில் தகவல் எதுவும் இல்லை. "பந்தைப் பார்க்காத, அவன் இடுப்பைப் பாரு" என்பதில் இருக்கிறது. குரல் உயர்வது வேறு விஷயம், களத்தில் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

டைம் அவுட்டும் அதே கதை. ஒரு டைம் அவுட் 60 நொடி. முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. பிள்ளைகள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் 20 நொடி போய்விடும். மிச்ச நேரத்தில் ஒரு விஷயம் சொன்னால் தலையில் நிற்கும். ஐந்து சொன்னால் ஒன்றும் நிற்காது.

டீம் கல்ச்சர்: புதுச்சேரியிலேயே ஒரு பழைய உதாரணம்

'டீம் கல்ச்சர்' என்ற வார்த்தை கார்ப்பரேட் மீட்டிங் மாதிரி ஒலிக்கலாம். ஆனால் இதே ஊரில் 1940-களிலேயே அதற்கு ஒரு வடிவம் கிடைத்தது. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2-ல் பள்ளி தொடங்கிய சில ஆண்டுகளில் உடற்கல்வி முக்கிய இடம் பிடித்தது. நாடே யோசிக்காத காலத்தில் சிறுமிகளும் ஷார்ட்ஸ் அணிந்து களத்தில் இறங்கினார்கள். பயிற்சி தருபவர்களுக்கு அங்கே 'கேப்டன்' என்றே பெயர். 1949-ல் உடற்கல்விக்கென ஒரு காலாண்டிதழ் தொடங்கியபோது அரவிந்தரே எழுதினார். வெற்றியையும் தோல்வியையும் முகம் சுளிக்காமல் ஏற்பது, நடுவர் தீர்ப்பை மதிப்பது, எதிராளியிடம் நட்பாக இருப்பது ஆகியவை அவர் சொன்னதில் அடங்கும். இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 2-ம் அங்கே உடற்பயிற்சி நிகழ்ச்சி நடக்கிறது.

கோப்பையைவிட உடம்பையும் மனதையும் வளர்ப்பதுதான் முக்கியம் என்ற அந்த அணுகுமுறை போட்டி அணிக்கு அப்படியே பொருந்தாது. மாநில அணித் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்கோரும் முக்கியம். ஆனாலும் அணியை நடத்துகிற சின்னச் சின்ன பழக்கங்கள் இங்கிருந்தும் எடுக்கலாம், அங்கிருந்தும் எடுக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினா கோச் டீன் ஸ்மித் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புள்ளி எடுத்தவர், தனக்குப் பாஸ் கொடுத்தவரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். கைத்தட்டல் வாங்குகிறவர் அதைப் பங்கு போட வேண்டும், அவ்வளவுதான். இதற்குச் செலவு கிடையாது.

தண்டனை ஓட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தப்பு செய்தால் பத்து ரவுண்டு என்பது பல களத்தில் எழுதாத சட்டம். ஓடுவது இந்த விளையாட்டின் உயிர். அதையே தண்டனையாக்கினால் பிள்ளை ஓடுவதை வெறுக்கத்தானே செய்யும்? தாமதமாக வந்தால் அன்று முதல் ஐந்தில் இடம் இல்லை என்பது போன்ற விதி போதும், ஒரு நிபந்தனையோடு: அது ஸ்டார் பிளேயருக்கும் பொருந்த வேண்டும். அங்கே வளைந்துகொடுத்த நாளிலிருந்து அந்த அணிக்கு விதி என்று எதுவும் இல்லை.

பெண் பிள்ளைகள் அணி என்றால் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். வெளியூர் போட்டிக்கு ஒரு பெண் பொறுப்பாளர் உடன் போக வேண்டும். இதில் தயக்கம் காட்டும் கேம்ப்பைத் தவிர்ப்பது நல்லது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் பட்டம் வென்று 'ஏ' பிரிவுக்கு முன்னேறிய இந்திய அணியிலும் அவர் இருந்தார். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். அப்படிப்பட்ட ஆட்டக்காரர் உருவாக, முதலில் வீட்டில் நம்பிக்கையோடு அனுப்பி வைக்க வேண்டும்.

இந்தியாவில் இது பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. 2014 ஜூலையில் ஃபீபா ஆசியக் கோப்பை சீனாவின் வூஹானில் நடந்தது. அமெரிக்க கோச் ஸ்காட் ஃப்ளெமிங்கின் பயிற்சியில் ஆடிய இந்திய ஆண்கள் அணி, சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று வீழ்த்தியது. 65 புள்ளி என்பது பெரிய ஸ்கோர் இல்லை. எதிரணியை 58-க்குள் கட்டிப்போட்டதுதான் வேலையை முடித்தது. 2022-ல் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி சாம்பியன் ஆனதும் பக்கத்து ஊரான புதுச்சேரி பிள்ளைகளுக்குத் தூரத்துக் கதை இல்லை.

கோச் இல்லாமல் ஆடினால்?

மூன்றுக்கு மூன்று கூடைப்பந்து இப்போது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. அரைக் களம், ஒரே ரிங், 10 நிமிடம் அல்லது 21 புள்ளி, ஷாட் கிளாக் வெறும் 12 நொடி. அணிக்கு நான்கே பேர், ஒருவர் மாற்று. முக்கியமான விஷயம், ஆட்டம் நடக்கும்போது களத்தருகே நின்று கோச் சொல்லித்தரக் கூடாது. டைம் அவுட்டைக்கூட வீரர்கள்தான் கேட்க வேண்டும். கோச் என்ன கற்றுக்கொடுத்தார் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் வெட்டவெளிச்சம் ஆகிவிடும். ஒரு ரிங் மட்டும் இருக்கும் பள்ளிகளுக்கும் இது வசதி.

சேர்ப்பதற்கு முன் பெற்றோர் எதைப் பார்க்கலாம்?

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை முழுப் பயிற்சியையும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 5-ம் எண் பந்து, பெண்களுக்கு 6, வளர்ந்த பையன்களுக்கு 7 கொடுக்கிறார்களா? பெரியவர்களுக்கான ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், மினி பாஸ்கெட்பாலில் 2.60 மீட்டர். எட்டு வயதுப் பிள்ளை பெரிய பந்தை அவ்வளவு உயரத்துக்கு எறிய இடுப்பிலிருந்து வீசப் பழகினால், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற வருடக்கணக்காகும். கோச் என்.ஐ.எஸ். மாதிரி முறையான பயிற்சி முடித்தவரா என்று கேட்பதிலும் தப்பில்லை. அப்புறம் ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள், நன்றாக ஆடும் பிள்ளையை இல்லை, சுமாராக ஆடும் பிள்ளையை. பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை கைக்குப் பந்து எத்தனை தடவை வருகிறது, கோச் அந்தப் பிள்ளையிடம் எத்தனை தடவை ஏதாவது சொல்லித்தருகிறார் என்று விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டு கை விரலும் போதவில்லை என்றால் சேர்த்துவிடலாம்.